மச்சான், குட்டி வாங்க முதல்

முத்தையன்கட்டு,
சனிக்கிழமை இரவு.

அன்பின் மச்சான்,

உன்ர கடிதம் வியாழக்கிழமை கிடைச்சுது. போனில கேட்டிருந்தால் இரண்டு நிமிசத்தில ஏதாவது சொல்லித் தப்பியிருப்பன். எந்த நாய்க்குட்டி வாங்கலாம் எண்டு எழுதிக் கேட்டபடியால் இருந்து யோசிக்க வேண்டியதாப் போச்சு.

முரசுமோட்டையில வீடு குடிபூந்தது பெரிய சந்தோசம். தண்ணி இறைக்கிற மிசினைக் களவு குடுத்ததுதான் கவலை. சங்கிலியை அறுத்துக் கொண்டு போயிருக்கிறாங்கள் எண்டால் வளவைத் தெரிஞ்ச ஆக்கள்தான். இப்ப மகன் அல்சேசன் வேணும் எண்டு நிக்கிறான், மனிசி லாப்ரடோர் எண்டு நிக்கிறா, அம்மா நாயே வேண்டாம் எண்டு நிக்கிறா. ஒரு வீட்டுக்குள்ள மூண்டு கட்சி.

மகனுக்கு முதல்ல இதைச் சொல்லு. அல்சேசனும் ஜேர்மன் ஷெப்பர்டும் ஒண்டுதான். முதலாம் உலகப் போர்க் காலத்தில ஜேர்மனி எண்ட பேரே பிரித்தானியாக்காரருக்குக் கசந்துபோக, அல்சேசன் எண்டு கூப்பிடத் தொடங்கினவை. 1977இல் அவை பழைய பேரைத் திருப்பிக் குடுத்திட்டினம், எங்கட ஊரில இன்னும் குடுக்கேல்லை. 1899இல் ஸ்ரெபானிற்ஸ் எண்ட குதிரைப்படை அதிகாரி, செம்மறி மேய்க்கிற நாய்களில இருந்து எடுத்து உண்டாக்கின இனம் அது. விடியத் தொடக்கம் மந்தையைச் சுத்தி ஓடப் பிறந்தது. ஓடவும் ஏதும் வேலை செய்யவும் விடாட்டி அதின்ர மூளை தானே ஒரு வேலை தேடும், அந்த வேலை உனக்குப் பிடிக்காது.

என்ர மனிசியின்ர தமையன் ஒண்டு வாங்கினவர். குட்டியைப் பஸ்ஸில கொண்டுவந்து, பயந்தபடியே இறக்கி, மாமரத்தில கட்டினார். பகல் முழுக்கச் சங்கிலி, இரவில மட்டும் அவிழ்த்து விடுறது. அப்பிடிக் கட்டினால்தான் நாய் மூர்க்கமா வருமாம்! சோளகக் காற்றடிக்கிற மாசங்களில எங்கட வெயில் உனக்குத் தெரியும். அதுக்கு உள்மயிர், வெளிமயிர் எண்டு இரண்டு படை. நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு மண்ணைக் கிண்டிக் கிண்டிப் படுத்திருக்கும். காதுக்குள்ள உண்ணி, பிறகு உண்ணிக் காய்ச்சல். கடைசியில ஒருநாள் பந்தெடுக்க ஓடிவந்த பக்கத்து வீட்டுச் சின்னப் பொடிச்சியின்ர கையைக் கவ்விப்போட்டுது. நல்ல காலம், ஆழமில்லை. நாயை நான் குறை சொல்ல மாட்டன். அப்பிடிக் கட்டி வைச்சால் மனிசனுக்கே விசர் பிடிக்கும். இன்னொண்டு, அந்த இனத்துக்கு இடுப்பு மூட்டுக் குறை பரம்பரையா வாறது. தாய் தகப்பனைப் பார்க்காமல் படத்தைப் பார்த்து வாங்கினால், வயசு போக முதலே பின்னங்காலை இழுக்கிற நாயைத் தூக்கித் திரிய வேண்டி வரலாம்.

லாப்ரடோர் பிள்ளையளோட நல்லா ஒட்டும். ஆனால் கள்ளன் வந்தாலும் வாலை ஆட்டி மிசின் இருக்கிற இடத்தைக் காட்டும். அதோட சரியான சாப்பாட்டு ராமன். அந்த இனத்தில ஏறக்குறைய நாலில ஒண்டுக்கு, பசியை அடக்கிற மரபணு ஒண்டிலயே பிழை இருக்கெண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 2016இல் கண்டுபிடிச்சவை. உங்கட அம்மா ஆருக்கும் இல்லையெண்டு சொல்லத் தெரியாத மனிசி. ஒரு வருசத்தில அது நாயா இராது, நெல்லு மூட்டையாத்தான் இருக்கும்.

டொபர்மேனைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தாய். அதை உண்டாக்கின டொபர்மேன் எண்ட மனிசன், ஜேர்மனியில அபோல்டா எண்ட ஊரில வரி அறவிட்டவர். காசுப் பையோட போறவருக்குத் துணைக்கு ஒரு நாய். நீ என்ன லீசிங் காசு அறவிடவே போறாய்?

கள்ளனைக் கடிச்சுக் குதறிற நாய் உனக்கு எதுக்கு? இரவில ஆரோ வேலிப்பக்கம் நடமாடினால் உன்னை எழுப்பிற நாய் காணும். விடிஞ்சால் பால்காரர் வருவார், கிராம சேவகர் வருவார், மகனோட படிக்கிற பொடியள் சைக்கிளைப் படலையில சாத்திப்போட்டு உள்ள ஓடுவாங்கள். அவையளுக்கு வழி விடவும் தெரிய வேணும். இங்க எங்களுக்கு இன்னொரு கண்டம் இருக்கு. சில நாயள் யானையைக் கண்டால் துரத்திக்கொண்டு போகும், யானை திரும்பினதும் நேரா எசமானிட்ட ஓடிவரும், பின்னால யானையும் வரும். என்ர பெட்டை நாய் அப்பிடிப் போகாது. படலையடியில நிண்டு குரலை மாத்திக் குலைக்கும். மனிசனுக்கு ஒரு குரல், பண்டிக்கு ஒரு குரல், யானைக்கு ஒரு குரல். புடையன் பாம்பைக் கண்டால் எட்ட நிண்டு சுத்திச் சுத்திக் கத்தும். இதொண்டும் நான் பழக்கினதில்லை. தாய் செய்ததைப் பார்த்துப் பழகினது.

அந்தத் தாயையும் சேர்த்து இது எங்கட வீட்டில மூண்டாவது தலைமுறை. அக்கராயனில எங்களிட்ட நிண்ட ஜிம்மியை உனக்கு ஞாபகம் இருக்கும், உன்ர சாறத்தைக் கிழிச்சவன். 2008இல் சண்டையால இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது உழவு இயந்திரப் பெட்டியில சாமான், அம்மா, ஆடு எல்லாத்தையும் ஏத்தினோம். அவனுக்கு இடமில்லை எண்டு ஐயா சொல்லிப்போட்டார். நல்ல தூரம் பின்னால ஓடி வந்தான். பிறகு நான் திரும்பிப் பார்க்கேல்லை. மீளக் குடியேறி வளவைத் துப்புரவாக்கேக்க கிணத்தடியில அவன்ர தகரச் சட்டி அப்பிடியே கிடந்தது. அதுக்குப் பிறகு கனகாலம் நாய் வளர்க்க மனம் வரேல்லை. கலியாணம் கட்டி இங்க வந்த பிறகுதான், றோட்டில கிடந்த ஒரு குட்டியை மனிசி தூக்கிக்கொண்டு வந்தா. அதுதான் இப்ப நிக்கிற பெட்டை நாயின்ர அம்மம்மா.

ஊர் நாய்தான் உத்தமம் எண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன். ஊர் நாயிலயும் கோழி பிடிக்கிறது, மோட்டார் சைக்கிளைத் துரத்துறது எல்லாம் இருக்கு. எங்க வாங்கினாலும் தாயைப் பார். உன்னைக் கண்டு உறுமிப்போட்டு, வீட்டுக்காரர் வாயைத் திறந்ததும் அமர்ந்தால் நல்ல தாய். வாலைச் சுருட்டிக்கொண்டு ஒளிச்சால் குட்டியை எடுக்காதை. பயந்த நாய்தான் பிள்ளையளைக் கடிக்கும். எட்டுக் கிழமைக்கு முதல் தாயைப் பிரிக்க விடாதை. அதுக்குப் பிறகு வாற ஒண்டு இரண்டு மாசமும் பொன்னான காலம். குழந்தை, கிழவி, குடை, தலைக்கவசம், பறை மேளம் எல்லாத்தையும் அந்த நேரம் காட்டிவிடு.

பார்வோ எண்ட வயித்தோட்டக் கிருமிக்குப் போடுற ஊசியைப் பிந்த விடாதை. அந்தக் கிருமி வளவு மண்ணில மாசக்கணக்கா கிடக்கும். விசர்நாய்த் தடுப்பூசி மூண்டு மாசத்தில. சுகாதாரப் பகுதியினர் ஊருக்கு வந்து இலவசமாப் போடுவினம், கேட்டு வைச்சிரு. நாய் ஆரையும் கடிச்சால் மஞ்சளும் மிளகாயும் அப்ப விடாதை. சவர்க்காரம் போட்டு 15 நிமிசம் ஓடுற தண்ணியில கழுவிப்போட்டு ஆசுப்பத்திரிக்குத்தான்.

இனி விசயத்துக்கு வாறன். என்ர பெட்டை நாய் 18 நாளைக்கு முதல் ஐஞ்சு குட்டி போட்டிருக்கு. கண் திறந்திட்டுது. அதில செம்மண் நிறத்தில ஒரு பெட்டை, மற்றதுகளை விலத்தி வந்து என்ர செருப்பை மணந்து பார்க்குது. அதை இன்னும் ஆருக்கும் தாறன் எண்டு சொல்லேல்லை. பெட்டை எண்டு அம்மா முகம் சுழிப்பா. கருத்தடை செய்துவிட்டால் கடுவனுகள் படலையில வந்து நிக்காது எண்டு சொல்லு. மிருக வைத்தியர் செய்வார்.

மகனையும் மனிசியையும் கூட்டிக்கொண்டு ஒருக்கா வா. தாயை அவன் தன்ர கண்ணால பார்க்கட்டும். பார்த்த பிறகும் அல்சேசன்தான் எண்டால் நான் கோவிக்க மாட்டன், அவனோட சேர்ந்து தேடித் தாறன். ஆனால் அதுக்கு முதல், இந்தப் பக்கம் ஆரும் வந்தால் உன்ர பழைய சாறம் ஒண்டைக் குடுத்துவிடு. தாய் படுக்கிற சாக்கில போட்டு வைக்கிறன். முதல் இரண்டு மூண்டு இரவும் குட்டி அந்த மணத்தில படுத்தால் அழாது.

உன்ர,
பழைய வாங்குத் தோழன்