பணத்துக்காகத்தான் போனார், அதில் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை டயானா டராசி ஓய்வு பெற்ற செய்தியை, சாம்பியன்ஸ் டிராபி கிரிக்கெட் செய்திகளுக்கு அடியில் ஆறு வரியில் போட்டிருந்தீர்கள். போட்டதே பெரிது என்று சந்தோஷமாகத்தான் படித்தேன். கடைசி வரி வந்ததும் காப்பி ஆறிப் போய்விட்டது. '2015-ல் பணத்துக்காகச் சொந்த நாட்டு லீக்கைக் கைவிட்டு ரஷ்யா சென்றவர்' என்று முடித்திருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் பெரியகுளத்துக்காரி. கோடையில் எங்கள் ஊரில் நடக்கும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியைப் பார்த்து வளர்ந்தவள். கல்லூரி அணியில் ஆடி, பிறகு 31 வருடம் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆகவே இந்த ஆட்டத்தைப் பற்றி எனக்கும் நாலு வார்த்தை சொல்ல உரிமை உண்டு.

முதலில், அவர் 2015-ல் ரஷ்யா போகவில்லை. பத்து வருடமாகவே போய்க்கொண்டிருந்தார். அமெரிக்காவின் பெண்கள் லீக் மே மாதம் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிந்துவிடும். அங்கே முடிந்தால் ஐரோப்பாவில் ஆரம்பம். டராசி கோடையில் பீனிக்ஸ் மெர்குரி அணிக்கு ஆடுவார், பனிக்காலத்தில் மாஸ்கோ பக்கம் ஸ்பார்டக் அணிக்கு ஆடுவார். ஸ்பார்டக்குடன் 2007 முதல் 2010 வரை வரிசையாக நான்கு முறை, ஐரோப்பிய கிளப் அணிகள் மோதும் யூரோலீக் கோப்பையை வென்றார். அந்த அணியை நடத்திய பணக்காரர் 2009 நவம்பரில் மாஸ்கோ தெருவில் காரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த சீசனையும் ஆடி முடித்துத்தான் நான்காவது கோப்பையை வாங்கினார்கள். அடுத்து துருக்கி. அங்கே ஊக்கமருந்து எடுத்ததாக ஒரு பரிசோதனைக்கூடம் சொன்னதில் அவர் பெயர் கெட்டது, பிறகு அந்த முடிவே தப்பு என்று ஆகி விடுவிக்கப்பட்டார். அதற்கப்புறம் யூரல் மலைப் பக்கம் எக்கடெரின்பர்க், ஒரு சுரங்க நிறுவனத்தின் பணத்தில் நடந்த அணி.

வருடம் முழுக்க ஆட்டம் என்றால் முழங்கால் என்ன ஆகும் என்று என்னைக் கேளுங்கள். மாவட்டப் போட்டி, மண்டலப் போட்டி என்று ஒரே மாதத்தில் இரண்டு ஆடிய என் பிள்ளைகளே ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். டராசி பத்து வருடம் இப்படி ஓடியிருக்கிறார். 2015-ல் எக்கடெரின்பர்க் அணிதான் அவரிடம் இந்தக் கோடையில் ஓய்வெடு, அமெரிக்க லீக்கில் கிடைப்பதற்கு மேலேயே நாங்கள் தருகிறோம் என்றது. அப்போது பீனிக்ஸில் அவருக்குச் சம்பளம் சுமார் 1,07,000 டாலர். ரஷ்யாவில் சுமார் 15 லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

ஆக, அவர் பணத்துக்காகத்தான் போனார். நானும் அதைத்தான் சொல்கிறேன். ஒரு கிரிக்கெட் வீரர் ஏலத்தில் கோடிக்கணக்கில் போனால் 'ஏலத்தில் அசத்தல்' என்று நான்கு பத்திக்குத் தலைப்புப் போடுகிறீர்கள். ஒரு பெண் பந்து போட்டுச் சம்பளம் வாங்கினால் மட்டும் அது என்ன 'கைவிட்டு'?

எனக்கு இதில் ஒரு பழைய எரிச்சல் உண்டு. கல்லூரியில் படித்தபோது ஓர் ஊரில் கோயில் திருவிழாவுக்குக் காட்சிப் போட்டி ஆடப் போனோம். ஆண்கள் அணிக்குக் கவரில் பணம். எங்களுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் கேரியர். 'பொம்பளப் பிள்ளைங்களுக்கு எதுக்குக் காசு, கல்யாணத்துக்கு உதவும்' என்று ஒருவர் மைக்கிலேயே சொன்னார், கூட்டமும் கைதட்டியது. கேரியர் இன்னும் என் பரணில் இருக்கிறது. மூன்றாவது அடுக்கு வாங்கிய நாளிலிருந்தே சரியாக உட்காராது.

நம் பக்கம் பெண்களுக்கு இந்த ஆட்டத்தில் பிழைப்பு என்றால் அது விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் அரசு வேலைதான். அனிதா பால்துரை தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்தபடிதான் இந்திய அணியின் தலைவியாக ஆடினார், 2021-ல் பத்மஸ்ரீயும் வாங்கினார். அந்த வேலை கிடைக்காதவர்கள் பன்னிரண்டாம் வகுப்போடு ஷூவைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். என்னிடம் ஆடிய நல்ல ஷூட்டர்கள் எத்தனை பேர் அப்படிப் போனார்கள் என்று எண்ண ஆரம்பித்தால் தூக்கம் வராது.

அமெரிக்காவில் எல்லாம் சொர்க்கம் என்றும் நினைக்க வேண்டாம். லீக் அணிகள் எல்லாவற்றுக்கும் தனி விமானம் ஏற்பாடானதே 2024-ல்தான். அதுவரை ஆறடிக்கு மேல் வளர்ந்த பெண்கள் சாதாரண விமானத்தில் முழங்காலை மடக்கிக்கொண்டு போனார்கள். பீனிக்ஸில் டராசியோடு ஆடிய பிரிட்னி கிரைனர் ஆறடி ஒன்பது அங்குலம். அவரும் பனிக்காலத்தில் எக்கடெரின்பர்க் அணிக்குத்தான் ஆடினார். அதற்காகப் போய்த்தான் 2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில் கஞ்சா எண்ணெய் வழக்கில் பிடிபட்டார். டிசம்பரில் கைதிப் பரிமாற்றத்தில்தான் வீடு திரும்பினார். வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். உள்ளூரில் ஒழுங்கான சம்பளம் இருந்திருந்தால் அந்தக் குளிரில் அவருக்கு அங்கே என்ன வேலை?

சரி, டராசிக்கு வருகிறேன். அந்த ஒரு கோடை ஓய்வெடுத்தவர் திரும்பி வந்து இன்னும் ஒன்பது சீசன் ஆடினார். 2017 ஜூனில் லீக்கில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர் ஆனார். 2023 ஆகஸ்டில், 41 வயதில், அட்லாண்டா அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 42 புள்ளி போட்டு, 10,000 புள்ளியைக் கடந்த முதல் பெண் ஆனார். நிறுத்தும்போது கணக்கு 10,646. பாரிஸில் வாங்கியது ஆறாவது ஒலிம்பிக் தங்கம். பிரான்ஸை 67-66 என்று மயிரிழையில் வென்ற அந்த இறுதி ஆட்டத்தில் அவரைக் களத்தில் இறக்கவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'பெஞ்சில் உட்கார்ந்திருந்ததற்குத் தங்கமா பாட்டி' என்று என் பேரன் கேட்டான். மீதி ஐந்துக்கும் சேர்த்து வைத்துக்கொள்ளடா என்றேன்.

இதில் எதுவுமே உங்கள் ஆறு வரியில் இல்லை. திருத்தம் போட இடமில்லை என்றால் பரவாயில்லை. மே மாதம் அந்த லீக் மறுபடி தொடங்கும், ஆட்ட முடிவுகளையாவது ஒரு ஓரத்தில் போடுங்கள். இப்போது பேரன் கைப்பேசியில் எடுத்துக் காட்டினால்தான் எனக்குத் தெரிகிறது. ஜூனில் அவன் ஹாஸ்டலுக்குப் போய்விடுவான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
பெரியகுளம்