சப்டைட்டில் எழுதும் நண்பர்களுக்கு: எல்லாரும் சோம்பேறி இல்லை

வணக்கம். நீங்கள் எழுதுவதால்தான் என் அம்மா ஆங்கிலப் படம் பார்க்கிறார், அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் 1930-களின் அமெரிக்காவில் நடக்கும் ஒரு கதை பார்த்தோம். சரக்கு ரயிலிலிருந்து இறங்கிய ஒருவன் ஒரு வீட்டின் கொல்லைக் கதவைத் தட்டி, விறகு பிளந்து தருகிறேன், ஒரு வேளை சாப்பாடு கொடுங்கள் என்கிறான். வீட்டுக்காரர் 'பம்' என்று திட்டி விரட்டுகிறார். கீழே 'சோம்பேறி' என்று வந்தது, சரி. ஆனால் அவன் திரும்பி நின்று, நான் பம் இல்லை, ஹோபோ என்கிறான். அதற்கு நீங்கள் போட்டது: 'நான் நாடோடி'. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வேலை கேட்டு வந்தவனுக்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்டார்.

அந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. ரயிலேறித் திரிந்தவர்களே தங்களுக்குள் கறாராக வகுத்து வைத்திருந்தார்கள்: ஊர் ஊராகப் போய் வேலை செய்கிறவன் ஹோபோ, ஊர் சுற்றுவான் ஆனால் முடிந்தவரை வேலை செய்யமாட்டான் என்றால் டிராம்ப், இரண்டும் இல்லாமல் ஒரே இடத்தில் கிடப்பவன் பம். 1933-இல் அமெரிக்காவில் உழைக்கக்கூடியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்த நிலையில் வேலை தேடி அலைகிறவனைப் பம் என்பது அவனிடம் மிச்சமிருந்த ஒரே கௌரவத்தையும் பிடுங்குவது.

'பம்' பிறந்த கதையும் உங்களுக்கு உதவும். ஜெர்மன் மொழியில் 'பும்மல்ன்' என்றால் வேலையில்லாமல் மெல்லச் சுற்றிவருவது, அப்படிச் சுற்றுகிறவன் 'பும்லர்'. ஜெர்மானியர்கள் குடியேறியபோது அது அமெரிக்க ஆங்கிலத்தில் 'பம்மர்' ஆனது, பிறகு தேய்ந்து 'பம்' ஆனது. (பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் பிட்டத்தைக் குறிக்கும் 'பம்' பல நூற்றாண்டு பழையது, வேறு சொல். இரண்டையும் குழப்பிப் போட்ட சப்டைட்டிலையும் பார்த்திருக்கிறேன்.)

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864 நவம்பரில், வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் அட்லாண்டாவிலிருந்து சவானாவுக்குச் சுமார் 60,000 வீரர்களோடு கிளம்பினார். பின்னாலிருந்து உணவு வர வழியில்லை. விடிகாலையில் சின்னச் சின்னக் கூட்டமாக வீரர்கள் நடந்தே போவார்கள், சாயங்காலம் பறித்த குதிரையில் ஏறி, பறித்த வண்டியில் பன்றித் தொடையும் சோளமும் கோழியும் ஏற்றிக்கொண்டு வருவார்கள். ஜார்ஜியாவில் பண்ணைகளைக் காலி செய்த அவர்களுக்கும் 'பம்மர்' என்றுதான் பெயர். போர்க் கதையில் அந்தச் சொல் வந்தால் தயவுசெய்து சோம்பேறி என்று போடாதீர்கள், அவர்கள் ஓயாமல் ஊரைச் சூறையாடியவர்கள்.

திரையில் இரண்டு வரிக்குத்தான் இடம், இரண்டு மூன்று நொடிதான் நேரம் என்று தெரியும். அதனால் விளக்கம் கேட்கவில்லை, ஆளைப் பார்த்துச் சொல்லைப் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். சிகரெட்டை 'பம்' பண்ணினால் நம்மிடம் 'ஓசி' இருக்கிறது. கடற்கரையே கதி என்று கிடக்கிற 'பீச் பம்'மைத் திட்ட வேண்டியதில்லை, அவன் அலைப் பைத்தியம். ஹோபோவுக்கு என்ன போடலாம் என்று அன்றைக்கு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டேன், யோசிக்கவே இல்லை, "பஞ்சம் பிழைக்க வந்தவன்" என்றார்.