ஹேவ்லாக்கில் ஸ்நார்கெலிங் கற்றுத்தந்த அண்ணனுக்கு நன்றி

மதுரைப் பக்கம் கிணற்றிலும் கண்மாயிலும் நீந்திப் பழகிய எங்கள் குடும்பங்களை அந்தமானின் ஹேவ்லாக் தீவில், எலிஃபன்ட் பீச்சில், ஸ்நார்கெலிங்குக்கு (முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, குழாய் வழியே மூச்சு விட்டபடி மிதந்து கடலடியைப் பார்ப்பது) கடலுக்குள் கூட்டிப்போன வழிகாட்டி அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை.

படகு ஏறும் முன்பே ஆளாளுக்கு, கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி மாஸ்க் பார்த்துக் கொடுத்தார். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுத்தால், கையை எடுத்தாலும் அது ஒட்டி நிற்க வேண்டும். நழுவினால் வேறு மாஸ்க்தான். சிலிகான் விளிம்புக்குள் முடி சிக்கினாலும் தண்ணீர் கசியும். மீசைக்காரர்களுக்கு மூக்கடியில் வாஸ்லின் தடவிவிட்டார். கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க உள்பக்கம் ஒரு சொட்டு பேபி ஷாம்பு தேய்த்து லேசாக அலசினார்.

கிணற்று நீச்சல்காரர்கள் தலையைத் தூக்கித் தூக்கி நீந்துவோம். அதில்தான் வாயில் கவ்வியிருக்கும் குழாய் பின்னால் சாய்ந்து தண்ணீர் ஏறுகிறது. முகத்தைக் குப்புற வைத்தபடியே ஒரே மூச்சில் பலமாக ஊதினால் வெளியேறிவிடும். பயத்தில் குட்டிக் குட்டி மூச்சு விட்டால் குழாயில் தங்கிய பழைய காற்றே திரும்ப வரும், அதனால்தான் மூச்சுமுட்டுகிறது என்று அவர் விளக்கியதே பெரிய உதவி.

பவளத்தின்மேல் ஒருவரையும் கால் ஊன்றவிடவில்லை.

அண்ணே, அம்மாக்களை மிதவை வளையத்தைப் பிடிக்கவைத்துப் பொறுமையாக இழுத்துப் போனதற்குத் தனி நன்றி. மதுரைக்கு வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.