ஒரே எழுத்துருவுக்கு இரண்டு பெயர்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டுக் கணினியில் உபுண்டு, அலுவலகக் கணினியில் ஃபெடோரா என்று இரண்டு லினக்ஸ் இயங்குதளங்களை வைத்திருக்கிறேன். உள்ளே இருப்பது லினக்ஸ் கெர்னல் என்கிற அதே மையப் பகுதிதான், ஆனாலும் ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் தடுமாறுகிறது. லோஹித் தமிழ் எழுத்துரு வேண்டுமென்றால் உபுண்டுவில் மென்பொருள் தொகுப்புகளை நிறுவித் தரும் ஏபிடியிடம் 'ஃபான்ட்ஸ்-லோஹித்-டேம்ல்' என்று கேட்க வேண்டும், ஃபெடோராவில் அதே வேலையைச் செய்யும் டிஎன்எஃப்பிடம் 'லோஹித்-தமிழ்-ஃபான்ட்ஸ்' என்று கேட்க வேண்டும். எழுத்துரு ஒன்றுதான், பெயரை மட்டும் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்! இணையதளங்களை வழங்கும் அப்பாச்சி சர்வரும் இப்படித்தான், உபுண்டுவில் அதன் பெயர் அப்பாச்சி2, ஃபெடோராவில் ஹெச்டிடிபிடி, அதன் அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடம்கூட வேறு. நிர்வாகி உரிமை வேண்டுமென்றால் பயனரை உபுண்டுவில் சூடோ குழுவில் சேர்க்க வேண்டும், ஃபெடோராவில் வீல் குழுவில். புதிதாகக் கற்க வருகிற பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

இதைச் சரிசெய்ய யாரும் முயலவில்லை என்று சொல்ல மாட்டேன். 2001-ல் லினக்ஸ் ஸ்டாண்டர்டு பேஸ் என்ற பொதுத் தரம் வந்தது. ஆனால் அதில் தொகுப்புகளுக்கு ஃபெடோரா பயன்படுத்தும் ஆர்பிஎம் வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள், உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன்காரர்கள் கையில் இருந்ததோ டெப் என்ற வேறு வடிவம். கடைசியில் 2015-ல் டெபியன் அந்தத் தரத்தின் பெரும்பகுதியைக் கைவிட்டது, எனக்கு அது பெரிய வருத்தம்.

விதவிதமாக இருக்கட்டும், சரி. தொகுப்புகளின் பெயரையாவது எல்லோரும் பேசி ஒன்றாக்கலாமே! அப்புறம், உங்கள் கணினிப் பக்கத்தில் லினக்ஸ் கட்டளைகளை வெளியிடும்போது உபுண்டுவோடு நிறுத்தாமல் ஃபெடோராவுக்கும் சேர்த்துப் போடுங்கள்.

— வாசகர், மதுரை