நங்கூரம் எடையால் பிடிப்பதில்லை

ஆசிரியருக்கு,

கடந்த இதழின் மொழிப் பகுதியில் 'ஆங்கர்' (நங்கூரம்) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு, 'தன் எடையால் கப்பலை அசையாமல் நிறுத்தும் இரும்பு' என்று விளக்கம் தந்திருந்தீர்கள். கிரிக்கெட் ஆங்கர், பங்குச் சந்தை ஆங்கர் என்று அடுத்து எழுதியதெல்லாம் அதை நம்பியே எழுதப்பட்டிருக்கிறது. அடிப்படையே பிழை.

பல்லாயிரம் டன் கப்பலுக்கு முன் சில டன் நங்கூரத்தின் எடை எம்மாத்திரம்? கடலடித் தரையில் புதையும், கொக்கி போன்ற அதன் அலகுகள்தான் பிடிக்கின்றன. தண்டு தரையோடு படுத்திருந்து, இழுப்பு கிடையாக வந்தால்தான் அலகு புதையும். தண்டு மேல்நோக்கித் தூக்கப்பட்டால் பெயர்ந்துவிடும். அதனால்தான் சங்கிலியை நீளமாக விடுகிறார்கள். சங்கிலியின் நீளத்தை ஷாக்கிள் கணக்கில் சொல்வோம்; ஒரு ஷாக்கிள் என்பது 15 பாகம், அதாவது ஏறக்குறைய 27.5 மீட்டர். ஆழத்தைப்போல் 6 முதல் 10 மடங்கு சங்கிலி விடப்படும் என்று வைத்துத்தான் கப்பல்களின் தரத்தைச் சரிபார்க்கும் வகைப்பாட்டு அமைப்புகளின் விதிகள் நங்கூரத்தின் அளவைக் கணக்கிடுகின்றன. 20 மீட்டர் ஆழத்தில் குறைந்தது 120 மீட்டர், கிட்டத்தட்ட நாலரை ஷாக்கிள். அதை ஒரே இடத்தில் குவியலாகக் கொட்டக் கூடாது. கப்பல் மெல்லப் பின்வாங்க, அதற்கேற்ப விட வேண்டும். களிமண் நன்றாகப் பிடிக்கும். பாறையையும் இளகிய சேற்றையும் நம்ப முடியாது.

இன்னொன்று, அந்த வகைப்பாட்டு விதிகள் காற்றும் அலையும் அதிகம் தாக்காத மறைவான இடத்தில் தற்காலிகமாக நிற்பதற்கானவை. திறந்த கடலில் புயலை எதிர்கொள்வதற்கல்ல. 2012 நீலம் புயலில், சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த பிரதிபா காவேரி கப்பல் அடித்துச் செல்லப்பட்டு பெசன்ட் நகர் அருகே தரைதட்டியதும், உயிர்கள் போனதும் பலருக்கு நினைவிருக்கும்.

நன்றாகப் பிடித்த நங்கூரத்திலும் கப்பல் அசையாமல் நிற்காது. காற்றும் நீரோட்டமும் மாற மாற, சுற்றி வந்து திரும்பும். அந்த வட்டத்துக்கு இடம் விட்டுத்தான் பக்கத்துக் கப்பல் நிற்க வேண்டும். ஆகவே கிரிக்கெட் ஆங்கரைக் 'கட்டை போடுபவர்' என்று எழுதியது பொருந்தவில்லை. ஒரு முனையைக் காத்தபடியே ஒன்றும் இரண்டுமாக ஓடி ஆட்டத்தை நகர்த்துபவர் அவர். ஆங்கர் முதலீட்டாளர், அதாவது புதுப் பங்கு வெளியீட்டில் பொதுமக்களுக்கு முன்பே பங்கு ஒதுக்கப்படும் பெரிய நிறுவன முதலீட்டாளர், 'விலகவே மாட்டார்' என்பதும் தவறு. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின், 2022 ஏப்ரல் முதல் உள்ள விதிப்படி, ஒதுக்கப்பட்ட பங்குகளில் பாதியை 30 நாளுக்குப் பிறகும் மீதியை 90 நாளுக்குப் பிறகும் அவர் விற்கலாம். பங்கு வாங்கும் வாசகர்களுக்காக, இந்த ஒன்றையாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிடுங்கள்.

— ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி, தூத்துக்குடி