ஒழுங்கைக்கரை ஆவரசை வழிச்சு எறியாதேங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

பிரான்ஸில இருக்கிற மச்சாள் போன முறை வரேக்க ஒரு சின்னப் பைக்குள்ள விதை கொண்டு வந்து தந்தவா, ஸ்பானிஷ் புரூம் எண்டு பேராம், அங்க தெற்குப் பக்கம் ரோட்டுக்கரை, மலைச்சரிவு எல்லாம் மஞ்சளாப் பூத்து வாசமா நிக்குமாம், தண்ணியே ஊத்தத் தேவையில்லை எண்டு ஆசையாத் தந்தவா. இலை பெரிசா இல்லை, பச்சைத் தண்டுதான் இலையின்ர வேலையைச் செய்யுது, அதாலதான் வறட்சியைத் தாங்குது.

ஆறு கண்டு முளைச்சது. சித்திரை வெயிலுக்கு அசையேல்லை, ஆனா கார்த்திகை மழைக்கு வளவில மூண்டு நாள் தண்ணி நிண்டுது, அடி கறுத்து ஒண்டு விடாமல் அழுகிப் போச்சு. தண்ணி வடியிற கல்லு நிலத்தில வளந்த செடி அது, எங்கட மாரி ஐப்பசியில துடங்கி மார்கழிக்குள்ள கொட்டித் தீர்க்கிற மாரி.

செத்தது நல்லதுக்குத்தான் எண்டு இப்ப நினைக்கிறன். அதின்ர சொந்தக்காரச் செடி ஸ்கொட்ச் புரூம் நீலகிரியில புல்வெளியைப் பிடிச்சிட்டுது, நியூசிலாந்திலயும் அதே கதை. காய் வெடிச்சு விதை தெறிக்கும், மண்ணுக்குள்ள வருசக்கணக்காக் கிடந்து முளைக்கும். பாத்தீனியத்தோட நாங்கள் படுற பாடு காணாதே?

அதே மஞ்சள், அதே வறட்சிக் குணம், எங்கட ஒழுங்கைக்கரையிலயே ஆவரசு நிக்குது. ஆறில்லாத ஊர், குடிக்கிறதும் இறைக்கிறதும் அதே கிணத்துத் தண்ணிதான், பிறகேன் பூக்கண்டுக்கு நாளுக்கு ரெண்டு தரம் மோட்டர் போடுறம்?

வளக்கிறது சுகம். காய் காஞ்சு கபிலமான பிறகு விதையை எடுங்கோ, தோல் கல்லு மாதிரி, கொதிச்ச தண்ணியை இறக்கி வைச்சுக் கொஞ்சம் ஆற அதுக்குள்ள போட்டு ஒரு இரவு விடுங்கோ, ஊதினதை மட்டும் பையில போடுங்கோ. ஆணிவேர் கெதியா இறங்கும், அதால கண்டு ஒரு சாண் வர முந்தி நிலத்தில வைக்கோணும், நான் வைக்கிறது புரட்டாதிக் கடைசியில, மழைக்கு முதல், கொஞ்சம் மேடான இடத்தில. ஒண்டரை அடிக்கு ஒண்டு வைச்சால் வேலி. முதல் கோடைக்கு மட்டும் கிழமைக்கு ஒருக்கா ஒரு வாளி தண்ணி. பூத்து முடிய வெட்டிவிட்டால் அடர்த்தியா வெடிக்கும், வெட்டின குழையைத் தென்னையடியில தாழ்க்கலாம்.

ஒருமுறை பச்சைப் புழு வந்து ஒரு செடியில ஈர்க்கு மட்டும்தான் மிச்சம். மருந்தடிக்கப் போன என்னைப் பேத்தி மறிச்சுப்போட்டாள். கொஞ்ச நாளில வெளிர்பச்சை வண்ணாத்திப்பூச்சி வேலி நெடுக, செடியும் திரும்பத் துளிர்த்திட்டுது.

இதை எழுத வைச்ச விசயம் என்னெண்டா, போன வருசம் மாரிக்கு முதல் வாய்க்கால் துப்பரவாக்க வந்த பெக்கோ எங்கட ஒழுங்கையில பூவோட நிண்ட ஆவரசு எல்லாத்தையும் வேரோட வழிச்சுக் கொண்டு போட்டுது, இருபது செடிக்குக் குறையாது, அது வாய்க்காலுக்குள்ள நிண்டதும் இல்லை, கரையில நிண்டது. பொறுப்பானவை இந்த முறை பெக்கோக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கோ. நேசறி வைச்சிருக்கிறவையும் ரோசாவோட நாலு ஆவரசங்கண்டு போட்டு வையுங்கோ, நான் கேட்டுப் போன மூண்டு இடத்திலயும் இல்லை எண்டிட்டினம்.

இப்படிக்கு,
வாசகி,
சுன்னாகம்