'எனக்குத் தெரியாது' என்று தப்பிக்க விடாதீர்கள்

தேசிய மருத்துவ ஆணையத்தின் முதுநிலை மருத்துவக் கல்வி வாரியத்தாருக்கு,

வணக்கம். முப்பது வருடத்துக்கும் மேலாகப் பிரசவம் பார்த்து ஓய்வுபெற்ற மகப்பேறு மருத்துவர் எழுதுகிறேன். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள், இன்றும் ஞாயிறு பூசையைத் தவறவிடுவதில்லை. கருக்கலைப்பு செய்ய என் மனசாட்சி ஒப்பியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்யக் கற்காமல் எந்த மகப்பேறு மருத்துவரும் பட்டம் வாங்கக் கூடாது என்று நான் கேட்கப்போவதை என்னைப் போன்றவர்களே எதிர்க்கக்கூடும்.

2002-இல் அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சில் கொண்டுவந்த நடத்தை விதிகளில், முறைகேடுகளைப் பட்டியலிடும் ஏழாம் அத்தியாயத்தில் ஒரு விதி உண்டு. மருத்துவத் தேவை இருக்கும்போது, மதத்தை மட்டும் காரணம் காட்டி ஒரு மருத்துவர் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன், கருத்தடை, சுன்னத், கருக்கலைப்பு ஆகியவற்றுக்கு உதவ மறுக்கக் கூடாது. பார்க்கக் கண்டிப்பான விதிதான். கூடவே ஒரு வால் இருக்கிறது: தனக்கு அந்தத் திறமை இல்லை என்று அவர் கருதினால் மறுக்கலாம். 2023 ஆகஸ்டில் ஆணையம் புதிய விதிகளை அறிவித்து, அதே மாதத்தில் நிறுத்தி வைத்தது. பழையவையே மறுபடி நடைமுறைக்கு வந்தன, வாலும் சேர்ந்து வந்தது. 'என் மதம் இடம் தரவில்லை' என்று உண்மையைச் சொல்பவர் குற்றவாளி. 'எனக்குத் தெரியாது' என்பவர்மேல் கேள்வி இல்லை. அப்படியானால் படிக்கிற பிள்ளைகள் என்ன செய்வார்கள்? கற்றுக்கொள்ளாமலே இருந்துவிடுவார்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

பி.ஜி. (முதுநிலைப் படிப்பு) முதல் வருடத்தில் எங்கள் யூனிட் சீஃபிடம் போய், "சார், எம்.டி.பி. கேஸ் மட்டும் எனக்கு வேண்டாம்" என்றேன். எம்.டி.பி. என்றால் கருக்கலைப்பு. நல்ல மனிதர். "சரிம்மா" என்று அது நடக்கும் அறையின் டியூட்டியிலிருந்தே என் பெயரை எடுத்துவிட்டார். என்னோடு படித்தவர்கள் கர்ப்பப்பையின் வாயை விரிக்கவும், உள்ளே சுரண்டி எடுக்கும் கியூரட்டைப் பிடிக்கவும், எவ்வளவு ஆழம் போகலாம் என்று விரலால் உணரவும் அந்த அறையில்தான் கை பழகினார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை. தானாகக் கலைந்து பாதி உள்ளே தங்கிய கருவைச் சுத்தம் செய்வதற்கும், துடிப்பு நின்றுபோன கருவை எடுப்பதற்கும், முத்துப்பிள்ளையை (கரு சரியாக வளராமல் முத்து முத்தாகக் கட்டிகளாவதை) உறிஞ்சி எடுப்பதற்கும் அதே கருவிகள், அதே கைப்பழக்கம்தான்.

தேர்வு முடித்து மலையடிவார ஊர் ஒன்றின் சிறிய மருத்துவமனையில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான்கு மாதக் கரு தானாகக் கலைந்து, நஞ்சுக்கொடி உள்ளே மாட்டிக்கொண்டு, சேலை முழுக்க ரத்தம். நாடி பறக்கிறது, பி.பி. இறங்குகிறது. எனக்கோ கர்ப்பப்பையை ஓட்டை போட்டுவிடுவேனோ என்ற பயத்தில் கை ஓடவில்லை. பக்கத்தில் நின்ற மூத்த நர்ஸ்தான், "டாக்டரம்மா, நேரம் போகுது. ஒரு கையை வயித்து மேல வச்சு கர்ப்பப்பையைப் பிடிச்சுக்குங்க, அப்புறம் உள்ள போங்க" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினோம். அந்தப் பெண் பிழைத்தார். அந்த நர்ஸ் அன்று லீவில் இருந்திருந்தால் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. வந்தவர் கருவைக் கலைக்கச் சொல்லி வந்தவரும் இல்லை. பிள்ளை வேண்டும் என்று வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டவர்.

கருக்கலைப்புச் சட்டத்தின் கீழ் வந்த 2003 விதிகளையும் பாருங்கள். எம்.பி.பி.எஸ். மட்டும் படித்தவர் பன்னிரண்டு வாரம் வரையிலான கருவைக் கலைக்கப் பயிற்சி வழியாகத் தகுதி பெற, 25 கேஸ்களில் உதவியிருந்து, அவற்றில் 5-ஐயாவது தானே செய்திருக்க வேண்டும். மகப்பேறு மருத்துவத்தில் பட்டமோ டிப்ளமோவோ வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு கிடையாது, படிப்பின்போது கிடைத்த பயிற்சியே போதும். அந்த அறைப் பக்கமே போகாமல் பட்டம் வாங்கியவரும் இந்தக் கணக்கில் தகுதி பெற்றவர்தான்!

என் மதத்தார் சிலர் முகம் சுளிக்கலாம். அவர்களுக்கு ஒரு பழைய கதை. துறவறச் சகோதரிகள் பிரசவம் பார்ப்பதே அவர்களுடைய கன்னிமை வார்த்தைப்பாட்டுக்கு (துறவு வாக்குறுதிக்கு) பொருந்தாது என்று ரோம், அதாவது திருச்சபைத் தலைமை, நினைத்திருந்த காலம் ஒன்று உண்டு. ஆண் மருத்துவர் முன்னால் வர முடியாத ராவல்பிண்டியின் பர்தாப் பெண்களுக்காக அங்கே மருத்துவமனை உருவாகக் காரணமாக இருந்த ஸ்காட்லாந்து மருத்துவர் ஆக்னஸ் மக்லாரன், அந்தத் தடையை நீக்கச் சொல்லி ரோமிடம் கேட்டுக் கேட்டே 1913-இல் இறந்துபோனார். 1920-இல் குண்டூருக்கு வந்த ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி, கன்னியராக இருந்துகொண்டு மருத்துவம் பார்க்கத் திருத்தந்தையிடம் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 1936-இல்தான் ரோம் பொதுவாக வழிவிட்டது. அதற்கு முன்னால் தடையின் பக்கம் நின்றவர்களும் மனசாட்சியோடுதான் நின்றார்கள். விலை கொடுத்தவர்கள் பிரசவ வலியில் கிடந்தவர்கள்.

வேறு இடங்களில் இதற்கு வழி தேடியிருக்கிறார்கள். பிரிட்டனின் 1967 கருக்கலைப்புச் சட்டம் மனசாட்சிப்படி ஒதுங்க அனுமதிக்கிறது, ஆனால் தாயின் உயிரைக் காப்பாற்றவோ, அவருக்கு நிரந்தரமான கடும் பாதிப்பு வராமல் தடுக்கவோ தேவைப்பட்டால் அந்தச் சலுகை செல்லாது. அமெரிக்காவில் முதுநிலைப் பயிற்சிக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு 1995-இல் கருக்கலைப்பைப் பயிற்சியில் சேர்த்தது. மதமோ அறமோ தடுத்தால் விலகலாம், ஆனால் அதன் சிக்கல்களைச் சமாளிக்க எல்லோரும் கற்றாக வேண்டும்.

நம்மிடம் இருப்பது தலைகீழ் ஏற்பாடு. மறுக்கக் கூடாது என்கிறோம், கற்காமல் இருக்க விடுகிறோம். மாற்றிப் போடுங்கள். உயிருக்கு ஆபத்து இல்லாத கருக்கலைப்பை, சேரும்போதே எழுதிக் கொடுத்துவிட்டு, ஒருவர் செய்யாமல் இருக்கட்டும். தேடி வந்த பெண்ணிடம் பிரசங்கம் வைக்காமல், சட்டப்படி அவருக்கு உள்ள வழியைச் சொல்லி அன்றைக்கே இன்னொரு மருத்துவரிடம் அனுப்பட்டும். நாள் கடத்துவதும் மறுப்புதான், சட்டம் வாரக்கணக்கில் வரம்பு வைத்திருக்கும் விஷயம் இது. ஆனால் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்யத் தெரியாமல் ஒருவரும் பட்டம் வாங்கக் கூடாது. மனசாட்சி இடம் தராத பிள்ளைக்குத் தானாகக் கலைந்த கேஸ்களை ஒதுக்கிக் கொடுங்கள், அதற்கு முன் பொம்மையில் பழக்குங்கள். எத்தனை செய்தார், எத்தனை பார்த்தார் என்று லாக் புக்கில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். என் லாக் புக்கில் அந்தப் பக்கம் வெறுமையாகத்தான் இருந்தது. யாரும் ஏன் என்று கேட்காமலே கையெழுத்துப் போட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மகப்பேறு மருத்துவர் ஒருவர்